மருந்து ஒவ்வாமையும் குருதியில் உலவும் செய்திப் புரதங்களும்



வாழ்நாளெல்லாம் தமிழ் ஒலியனையும் உருபனையும் ஆராய்ந்து ஓய்வுபெற்ற ஒருவன் மருத்துவப் பொருளைத் தலைப்பாகக் கொண்டு பேச வந்தது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். என்னை இப்பொருளுக்குள் இழுத்துச் சென்றது ஒரே ஒரு சொல். அச்சொல்லை எங்கள் குடும்பம் தவறாகப் புரிந்துகொண்டமையால் ஓர் உயிர் போகவிருந்தது.

பாலோவைச் சுற்றியுள்ள தோட்டங்களுள் ஒன்றில் இளமையில் பால்மரம் சீவியும், பின்னர்ச் செம்பனைக் குலை வெட்டியும் உழைத்தவர் என் அத்தான். யூரிக் அமிலம் கூடியதனால் கால் பெருவிரல் வீங்கி வலிக்கும் நோய் அவருக்கு உண்டு. அதற்கு அலோபியூரினால் என்னும் மாத்திரை தரப்பட்டது. சில வாரங்களில் மார்பிலும் முதுகிலும் செந்தடிப்பு எழுந்தது. "மாத்திரை சூடு" என்று தாமே முடிவுசெய்து அவர் அதனை நிறுத்திவிட்டார், இளநீர் பருகினார், தடிப்பு அடங்கியது. ஓராண்டு கழித்து வேறொரு மருத்துவ நிலையத்தில் அதே நோய்க்காகச் சென்றபோது, பதிவுப் படிவத்தில் இருந்த "அலாஹான்" என்ற மலாய்ச் சொல்லைக் காட்டி, "ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கின்றனர். "கத்திரிக்காயும் கருவாடும் ஒத்துக்கொள்ளா" என்று அத்தான் விடை கூறினார். அவர் பொய் சொல்லவில்லை. கரப்பான் பண்டம் எவையென்று கேட்பதாகவே அவர் அவ்வினாவைக் கொண்டார். அதே மாத்திரை மீண்டும் தரப்பட்டது.

இம்முறை மூன்றாம் நாளே காய்ச்சல் வந்தது. கண்கள் சிவந்தன, தொண்டை எரிந்தது, உதடு வெடித்துப் புண்ணாயிற்று. மேனியில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றின. வீட்டில் அம்மை என்றனர். வேப்பிலை வந்தது, பாய் விரிக்கப்பட்டது, அம்மை இறங்கும்வரை மருத்துவமனை வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்தனர். மூட்டுவலி மாத்திரைக்கும் அம்மைக்கும் தொடர்பில்லை என்று கருதியமையால் மாத்திரை மட்டும் நிற்கவில்லை. மேலும் இரண்டு நாள் கடந்து, போர்வையை நீக்கியபோது முதுகுத் தோல் போர்வையோடு வந்த பின்னரே வண்டி ஏற்பாடாயிற்று. அத்தான் பிழைத்தார். ஆயினும் அவர் கண்களில் ஈரம் நிலைப்பதில்லை. இன்றளவும் மணிக்கொரு முறை செயற்கைக் கண்ணீர் இட்டுக்கொள்கிறார்.

அந்நோயின் பெயர் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்குறித் தொகுதி. 1922இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களான ஸ்டீவன்சும் ஜான்சனும் இரு சிறுவரிடம் கண்டு எழுதியமையால் இப்பெயர். உடற்பரப்பில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகத் தோல் கழன்றால் இப்பெயரால் அழைப்பர். முப்பது விழுக்காட்டுக்கு மேல் கழன்றால் நச்சுசார் மேற்றோல் சிதைவு என்பர். அப்பெயரை 1956இல் ஸ்காட்லாந்துத் தோல் மருத்துவர் ஆலன் லயல் இட்டார். இடைப்பட்டது இரண்டும் கலந்த நிலை. மிக அரிய நோய். பத்து இலட்சம் பேருக்கு ஆண்டுதோறும் ஒரு சிலரையே தாக்குவது. ஆனால் முற்றிய நிலையில் மூவரில் ஒருவரேனும் இறக்கின்றனர். இத்தகைய நோயின்போது குருதியில் என்ன நிகழ்கிறது என்பதே இன்றைய பேச்சு.

உயிரணுக்களின் பேச்சு

நம் உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பவை அல்ல. தொலைவில் உள்ள அணுவுக்கு ஒன்றைத் தெரிவிக்க வேண்டுமாயின் சிறு புரதத்தைச் சுரந்து குருதியிலோ திசு நீர்மத்திலோ விடுகின்றன. அப்புரதத்தை ஏற்கும் வாங்கி எந்த அணுவின் மேற்பரப்பில் உள்ளதோ, அவ்வணு மட்டுமே செய்தியைப் பெறும். வாங்கி இல்லாத அணுவுக்கு அது பொருளற்ற ஒலி. இப்புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று 1974இல் பெயரிட்டவர் ஸ்டான்லி கோஹன். கிரேக்கத்தில் "கைட்டோஸ்" என்பது உள்ளீடற்ற கலத்தையும், "கினெய்ன்" என்பது அசைத்தலையும் குறிக்கும்.

இவ்விடத்தில் சிறிது நிற்க விரும்புகிறேன். நாமும் தமிழகத்தாரும் உயிரணு என்றும் செல் என்றும் எழுதுவதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் "கலம்" என்று எழுதும். கலம் என்பது ஏனம், பாண்டம். கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே. ஆங்கிலச் சொல்லோ இலத்தீனத்தில் சிற்றறையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இலங்கையாரின் ஆக்கம் கிரேக்க மூலத்தோடு ஒத்து நிற்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆயினும் சைட்டோகைன் என்பதனை நான் "கலவியக்கி" என்று மாற்றத் துணியேன். வகுப்பறையில் விளக்கத்துக்குச் "செய்திப் புரதம்" என்று சொல்வேன். பெயராக அயற்சொல்லையே வைத்துக்கொள்வேன். மருத்துவமனைத் தாளில் அச்சிட்டிருப்பதும் நாம் கற்பிப்பதும் ஒன்றென்று நோயாளியின் பிள்ளை அடையாளம் காண வேண்டும் அன்றோ?

இப்புரதங்களின் பெயர்கள் பெயரியல் மாணவர்க்கு நல்ல பாடம். ஒவ்வொன்றும் முதன்முதலில் எந்த வேலையைச் செய்கையில் அகப்பட்டதோ அந்த வேலையின் பெயரைச் சுமந்து நிற்கிறது. 1957இல் ஐசக்சும் லிண்டன்மனும் கண்டது வைரசின் பெருக்கத்துக்கு இடையூறு செய்தமையால் இன்டர்ஃபெரான் ஆயிற்று. 1975இல் கண்டறியப்பட்ட ஒன்று எலியின் புற்றுக்கட்டியை அழுகச் செய்தமையால் கட்டியழுகற் காரணி என்னும் பொருளில் பெயர் பெற்றது, சுருக்கமாக டி.என்.எஃப். என்பர். இன்று நாம் அறிந்தவரை அதன் முதன்மையான வேலை கட்டியை அழுகச் செய்வதன்று, அழற்சியை மூட்டுவது. பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரே புரதத்துக்கு ஆய்வகந்தோறும் வெவ்வேறு பெயர் வழங்கிக் குழப்பம் மிகுந்தபோது, 1979இல் சுவிட்சர்லாந்தில் கூடிய அறிஞர்கள் "வெள்ளணுக்களுக்கு இடைப்பட்டது" என்னும் பொருளில் இன்டர்லியூக்கின் என்ற பொதுப்பெயரை வகுத்து எண்ணிடத் தொடங்கினர். அவ்வெண் இன்று நாற்பதை எட்டிவிட்டது. பெயர்சூட்டலில் களைத்தவர்கள் எண்ணுக்குத் திரும்புவது மொழிகளில் புதிதன்று.

தவறான வாசிப்பு

ஒரு மாத்திரை எவ்வாறு இத்துணைப் பெருங்கேட்டை விளைவிக்கிறது? நம் உயிரணு ஒவ்வொன்றும் தன்னுள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஏந்தும் தட்டுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். டி வெள்ளணு வந்து அதைப் படித்துப் பார்க்கிறது. தன் உடலின் துண்டாயின் கடந்து செல்லும். வைரசின் துண்டாயின் அவ்வணுவைக் கொல்லும். தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும்; பெற்றோரிடமிருந்து வழிவழி வருவது.

சில மருந்துகள் குறிப்பிட்ட வடிவமுள்ள தட்டில் சென்று பொருந்திக்கொள்கின்றன. நம் எழுத்தில் புள்ளி ஏறினால் மெய், நீங்கினால் உயிர்மெய். "கல்" என்று எழுதியதில் புள்ளி விடுபட்டால் "கல" என்றாகிப் பொருளே வேறாகும். அதுபோல மருந்தின் சிறு மூலக்கூறு ஒட்டியவுடன், நேற்றுவரை "நம்முடையது" என்று படிக்கப்பட்ட அதே தட்டு "அயலது" என்று படிக்கப்படுகிறது. தோலின் அணுக்கள் நலமாகவே உள்ளன. படிப்பவன் பிழையாகப் படிக்கிறான்.

இதனை ஐயமின்றி நிறுவியது 2004இல் தைவானில் வெளிவந்த ஆய்வு. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமசெபின் மருந்தால் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோயுற்ற 44 பேரையும் ஆராய்ந்தபோது, அனைவரிடமும் எச்.எல்.ஏ.–பி 15:02 என்னும் வகை இருந்தது. அதே மருந்தை உண்டு நலமாயிருந்த 101 பேரில் மூவரிடம் மட்டுமே இருந்தது. மறு ஆண்டே அலோபியூரினாலுக்கும் எச்.எல்.ஏ.–பி 58:01 வகைக்கும் உள்ள தொடர்பை அக்குழுவினரே காட்டினர். என் அத்தான் உண்டது அம்மருந்து. பின்னர்த் தைவானில், கார்பமசெபின் தேவைப்பட்ட ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு முன்கூட்டியே மரபணுச் சோதனை நிகழ்த்தி, 15:02 உடையோர்க்கு வேறு மருந்து கொடுத்தனர். பழைய கணக்குப்படி பத்துப் பேருக்கேனும் நோய் வந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் வரவில்லை. 2011இல் அம்முடிவு வெளியாயிற்று.

நம் மாணவர்கள் இதனைச் சீனருக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிடலாகாது. இந்தியாவில் 2009இல் வெளிவந்த சிற்றாய்வு ஒன்றில் கார்பமசெபினால் இந்நோயுற்ற எண்மரில் அறுவரிடம் 15:02 இருந்தது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2014இல் மலேசிய இந்தியரின் தரவுகளைப் பிற தரவுகளோடு சேர்த்து ஆராய்ந்து, தொடர்பு உண்டு என்று உறுதிசெய்தனர். மலாய்க்காரரிடமும் சீனரிடமும் காணப்படும் அளவுக்கு இவ்வகை நம்மிடம் மிகுதியாக இல்லை என்பது உண்மை. ஆனால் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒருபொருட் சொற்கள் அல்ல.

மூண்டெழும் செய்திகள்

பிழையாகப் படித்த டி அணு தனியே நிற்பதில்லை. இன்டர்ஃபெரான் காமாவையும் டி.என்.எஃப். ஆல்பாவையும் சுரக்கிறது. இன்டர்ஃபெரான் காமாவைப் பெற்ற தோலணுக்கள் இன்னும் பல தட்டுகளை மேற்பரப்பில் ஏந்துகின்றன. பிழைக்கு இடம் பெருகுகிறது. இன்டர்லியூக்கின்-15 என்பது கொல்லும் டி அணுக்களுக்கும் இயல்புக் கொல்லி அணுக்களுக்கும் ஊட்டம்போல அமைந்து, அவற்றைச் சாகவிடாது பெருகச் செய்கிறது. இன்டர்லியூக்கின்-6 மூளைக்குச் சென்று காய்ச்சலை எழுப்புகிறது. ஈரலுக்குச் சென்று அழற்சிப் புரதங்களை உண்டாக்கச் செய்கிறது. காய்ச்சல் முதலில், புண் பின்னர் என்ற முறைமைக்குக் காரணம் இப்போது விளங்கும். தோல் கெடுவதற்கு முன்பே செய்திகள் குருதியில் புறப்பட்டுவிடுகின்றன.

இறுதியில் தோலணுவைக் கொல்வது எது? 1998இல் சுவிஸ் ஆய்வாளர் குழு ஒன்று, ஃபாஸ் என்னும் வாங்கியின் வழியாகச் செல்லும் "இறந்துபோ" என்ற கட்டளையே காரணம் என்றது. பத்தாண்டுகள் அக்கருத்தே மேலோங்கியிருந்தது. 2008இல் தைவான் குழுவினர் நோயாளிகளின் கொப்புள நீரை எடுத்து அளந்தனர். கொல்லும் அணுக்களின் நுண்மணிகளில் உள்ள கிரானுலைசின் என்னும் புரதம், ஃபாஸ் கட்டளையையும் பிற கொல்லிப் புரதங்களையும் விட நூறு மடங்கு முதல் பதினாயிரம் மடங்குவரை மிகுந்திருந்தது. அதனைப் பிரித்தெடுத்து எலியின் தோலில் செலுத்தினர். எலிக்கும் கொப்புளம் எழுந்தது. அந்நீரிலிருந்து கிரானுலைசினை நீக்கியபோது அதன் கொல்லும் ஆற்றல் பெரிதும் குன்றியது. ஒரு கருதுகோளை நிறுவ இதனினும் தெளிவான வழி அரிது. இலக்கணக் கட்டுரையிலும் இத்தகைய சான்று கிடைத்தால் நான் உறங்காமல் மகிழ்ந்திருப்பேன்.

கிரானுலைசின் குருதியிலும் மிகுகிறது. அதுவும் தோல் கழல்வதற்குச் சில நாள் முன்பே மிகக்கூடும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் எழுதினர். எளிய மருந்துத் தடிப்பு உள்ளவரிடம் அது அவ்வாறு உயர்வதில்லை. கருவுற்றமை அறியும் பட்டைபோல ஒரு துளிக் குருதிநீரில் சில நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டையையும் அவர்களே உருவாக்கிப் பார்த்தனர். இன்டர்லியூக்கின்-15 குருதியில் எவ்வளவு உயர்ந்துள்ளதோ அவ்வளவுக்கு நோயின் கடுமையும் இறப்பும் கூடுவதாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியது.

இவ்வாறு சொல்லியதும், "அப்படியானால் குளுவாங் மருத்துவமனையில் இச்சோதனையைச் செய்துகொள்ளலாமா?" என்ற வினா எழும். இயலாது; பெரும்பாலான நாடுகளிலும் இயலாது. காரணம் அளவின் நுண்மை. குருதிச் சர்க்கரையை மில்லிகிராமிலோ மில்லிமோலிலோ அளக்கிறோம். சைட்டோகைன்களைப் பிக்கோகிராமில் அளக்க வேண்டும். ஒரு கிராமை இலட்சம் கோடியாக வகுத்தால் அதில் ஒரு பங்கே பிக்கோகிராம். 1971இல் சுவீடனில் பிறந்த எலைசா என்னும் முறையால் இது கூடுகிறது. தட்டின் அடியில் ஒட்டிய எதிர்ப்புரதம் தேடும் சைட்டோகைனைப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து மற்றோர் எதிர்ப்புரதம் அதே சைட்டோகைனைக் கவ்வி, நிறமாற்றத்தால் அளவைக் காட்டும். ஆனால் பல சைட்டோகைன்கள் குருதியில் நிமிடக் கணக்கிலேயே நிலைக்கும். குருதியை எடுத்து மேசையில் சிறிது நேரம் வைத்துவிட்டாலும் எண் மாறும். அன்றியும் இன்டர்லியூக்கின்-6 கிருமித் தொற்றிலும் உயரும், விபத்திலும் உயரும். தெருவில் கூச்சல் கேட்கிறது என்பதனால் எந்த வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிவிட முடியாது. உண்மையான உரையாடல் தோலுக்குள் நடக்கிறது. குருதியில் நாம் கேட்பது அதன் கசிவு. அதனால்தான் இறப்பு வாய்ப்பைக் கணிக்க 2000ஆம் ஆண்டுமுதல் வழங்கும் ஏழு குறிகளில் ஒரு சைட்டோகைன்கூட இல்லை. வயது, புற்றுநோய், நாடித்துடிப்பு, கழன்ற தோலின் பரப்பு, யூரியா, பைகார்பனேட், சர்க்கரை ஆகியவையே அவை. மாவட்ட மருத்துவமனையிலும் அளக்கக்கூடியவை.

தடுத்தால் நலமா?

டி.என்.எஃப். தீங்கு செய்கிறது என்றால் அதனைத் தடுத்தால் நோய் தணிய வேண்டும். எளிய தருக்கம். அவ்வாறு எண்ணியே பிரெஞ்சு மருத்துவர்கள், டி.என்.எஃப். உண்டாவதைக் குறைக்கும் தாலிடமைடு மருந்தைக் கடுமையான தோல் கழற்சி உள்ளோர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். 1998இல் முடிவு வெளிவந்தது. தாலிடமைடு பெற்ற பன்னிருவரில் பதின்மர் இறந்தனர். வெற்று மருந்து பெற்ற பதின்மரில் மூவர் இறந்தனர். ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. அம்மருந்து இந்நோயில் டி.என்.எஃபைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டியிருக்கலாம் என்ற ஐயத்தை ஆய்வாளர்களே எழுப்பினர்.

அத்தோடு அக்கருத்து புதைந்துபோகவில்லை. தைவானில் எட்டனர்செப்ட் என்னும் வேறு மருந்து ஆராயப்பட்டது. அது டி.என்.எஃப். உண்டாவதில் தலையிடுவதில்லை, உண்டானதைக் குருதியிலேயே பிடித்துக்கொள்கிறது. ஸ்டீராய்டு பெற்றோரோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட முடிவின்படி, கணித்த இறப்பு 17.7 விழுக்காடாக இருக்க, எட்டனர்செப்ட் பெற்றோரிடம் நேர்ந்தது 8.3 விழுக்காடு. தோல் ஆறும் காலமும் குறுகியது; குருதியிலும் கொப்புள நீரிலும் கிரானுலைசின் இறங்கியது. பயின்றோர் தொகை நூற்றுக்கும் குறைவு என்பதை மறவாமல் இவ்வெண்களைப் படிக்க வேண்டும். ஆயினும் இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது: ஒரே சொல்லை வாயை அடைத்துத் தடுப்பதும், காதை எட்டுமுன் இடைமறிப்பதும் ஒரே செயலல்ல. வாயை அடைக்கும் மருந்து வேறு எவற்றையெல்லாம் அடைத்தது, எவற்றைக் கிளறிவிட்டது என்பது நோயாளிகள் இறந்த பின்னரே வினாவாயிற்று.

இன்னொரு கடும் விளைவையும் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி 1996இல் டிரெஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். உடையைக் குறிக்கும் சொல்லாகவும் அமைந்துவிட்டது. மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்து வருவது. முகம் வீங்கும், கழலைகள் பருக்கும், ஈரல் தாக்குறும். இங்கே தோல் கழல்வதில்லை, செய்திகளும் வேறு. இன்டர்லியூக்கின்-5 மிகுந்து ஈயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களைப் பெருக்குகிறது. டார்க் என்னும் அழைப்புப் புரதம் குருதியில் பன்மடங்கு உயர்கிறது. ஒரே அலோபியூரினால் ஒருவரிடம் தோலைக் கழற்றுவதும் மற்றொருவரிடம் ஈரலைத் தாக்குவதும் செய்திப் புரதங்களின் சேர்க்கை வேறுபடுவதனால்தான். தொழுநோய்க்குத் தரப்படும் டாப்சோன் மருந்தும் சிலரிடம் இத்தகைய விளைவை நான்கு முதல் ஆறு வாரத்தில் எழுப்பும். அதற்குரிய தட்டு எச்.எல்.ஏ.–பி 13:01 என்று 2013இல் சீனத்தில் கண்டனர்.

ஜொகூரின் கணக்கு

நம் மாநிலத்துக்கு வருவோம். ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தோல் மருத்துவத் துறையினர், தம்மிடம் வந்த மருந்துவழித் தோல் விளைவுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்டனர். தோல் கழலும் வகைக்குக் காரணமான மருந்துகளில் முதல் மூன்று கார்பமசெபின், அலோபியூரினால், கோட்ரைமாக்சசோல். டிரெஸ் வகைக்குத் தலையாய காரணம் அலோபியூரினால். இவை அரிய மருந்துகள் அல்ல. நம் வீடுகளின் மாத்திரைப் பெட்டிகளில் இருப்பவை. வலிப்புக்கும், யூரிக் அமிலத்துக்கும், சிறுநீர்த் தொற்றுக்கும் பல்லாயிரவரைக் காத்து வருபவை. ஆகவே இவற்றை அஞ்சி எறிந்துவிடுங்கள் என்று யான் கூறவில்லை. அங்ஙனம் வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே கொல்லக்கூடும். புதிய மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் காய்ச்சலோடு கண் சிவப்பு, வாய்ப்புண், தொட்டால் வலிக்கும் தடிப்பு ஆகியவை சேர்ந்து தோன்றினால், அன்றே, மாத்திரை உறையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்கிறேன். உடலிலிருந்து விரைவில் நீங்கும் மருந்தாயின், நிறுத்துவதை ஒருநாள் முற்படுத்தினாலே இறப்பு வாய்ப்பு முப்பது விழுக்காடு அளவு குறைவதாக 2000இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. எங்கள் வீட்டில் வேப்பிலை வைத்துக் காத்திருந்த நாள்களை அக்கணக்கில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தச் சொல். ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபொன் பிர்க்கே 1906இல் "அலர்ஜி" என்ற சொல்லைப் படைத்தார். "அல்லோஸ்" என்றால் வேறு; "எர்கோன்" என்றால் செயல். வேறுபட்டுச் செயற்படுதல் என்பது அவர் கருத்து. நல்லது கெட்டது என்ற மதிப்பீடு அதில் இல்லை. மலாய் மொழியில் "அலாஹ்" என்றால் தோற்றல். அதிலிருந்து பிறந்த "அலாஹான்" உடல் தோற்றுப்போவதைக் குறிக்கிறது. கருவுற்ற பெண்ணின் மசக்கைக்கும் அதுவே பெயர். தமிழில் "ஒவ்வாமை" என்று ஆக்கினோம். ஒவ்வுதல் என்பது பொருந்துதல்; அதன் எதிர்மறை ஒவ்வாமை. கிரேக்கம் வேற்றுமையைக் கண்டது, மலாய் தோல்வியைக் கண்டது, தமிழ் பொருத்தமின்மையைக் கண்டது. தட்டில் மருந்து பொருந்துவதால் வரும் நோய்க்குப் பொருந்தாமை என்று பெயரிட்டிருப்பதை எண்ணி நகைக்கலாம்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஒவ்வாமை நம் எழுத்தில் உண்டு, வீட்டுப் பேச்சில் இல்லை. வீட்டில் வழங்குவன "ஒத்துக்காது", "சூடு", "கரப்பான்", "வாயு". இவை நான்கும் பெரும்பாலும் உணவைச் சுட்டுவன. மருந்தினால் வந்த தடிப்பைச் "சூடு" என்ற தலைப்பின்கீழ் வகைப்படுத்திய மனம், படிவத்தில் கேட்கும் "அலாஹான்" என்னும் வினாவுக்கு அதனை நினைவுகூராது. அத்தான் ஏமாற்றவில்லை, அவர் அகராதியில் அவ்விரண்டும் வெவ்வேறு பக்கங்களில் இருந்தன. எனவே ஆசிரியர்களை ஒன்று வேண்டுகிறேன். ஒவ்வாமை என்னும் சொல்லைக் கற்பிக்கும் நாளில், "எந்த மாத்திரை சாப்பிட்டு உனக்கோ உன் பாட்டிக்கோ உடம்பில் தடித்தது, வாய் வெந்தது?" என்று முழுத் தொடராகக் கேட்கப் பழக்குங்கள். மாணவர்களும் வீட்டில் அவ்வாறே கேட்டு, விடையில் வரும் மருந்தின் பெயரைக் குறித்து வையுங்கள். பாட்டியோடு மருத்துவ நிலையத்துக்குச் சென்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் நீங்கள்தாமே? "அலாஹான்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கேட்டால் கத்திரிக்காய்தான் விடையாக வரும்.

இத்தகைய விளைவு ஒருமுறை வந்தவருக்கு மருந்தாளுநர்கள் ஓர் ஒவ்வாமை அட்டை தருவர். அதில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கும். வணிகப் பெயர் கடைக்குக் கடை மாறும் என்பதால் பொதுப்பெயரே இன்றியமையாதது. அத்தானின் அட்டை அவர் சட்டைப்பையில் எப்போதும் உண்டு. அதன் பின்புறத்தில் அவர் பேத்தி, தேசிய மாதிரித் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயில்பவள், "அலோபியூரினால்" என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் "சூடு இல்லை, ஒவ்வாமை" என்று சேர்த்திருக்கிறாள்.